திரும்பி வரும் சுமைக்கு ஒரு பை: பெரிய ஃபிரேம் முதுகுப்பையைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பெரிய முதுகுப்பை வாங்கக் கிளம்பும் யாரும் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டு, 90 லிட்டர் பை ஒன்றை வாங்கினேன். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் போட்ட பிறகும் மேலே கை விட இடம் இருந்தது. இடம்தான் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் திணித்தேன். இரண்டாம் நாள் மதியத்துக்குள் இடுப்புப் பெல்ட் நழுவிப் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பாரம் மொத்தமும் தோளுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் கூடாரக் கயிற்றில் முடிச்சுப் போட உட்கார்ந்தால், சுண்டு விரல் இரண்டும் மரத்துப்போய்க் கயிறே பிடிபடவில்லை. இத்தனைக்கும் பையில் ஒரு பழுதும் கிடையாது. என்னைவிட நீளமான முதுகு உள்ள ஒருவருக்காகத் தைத்த பை அது, அவ்வளவுதான்.

மலை நடைக்கும் வேட்டைக்கும் ஒரே பையைத் தேடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலை நடைக்குப் போகிறவரின் பை நாளுக்கு நாள் இளைக்கும். சாப்பாடு தீரத் தீரப் பாரம் குறையும். வேட்டைக்குப் போகிறவருக்கு இது அப்படியே தலைகீழ். நாலு நாள் லேசாக இருந்த பை, கடைசி நாளில் இறைச்சி ஏறியதும் இரண்டு மடங்கு ஆகிவிடும். அதுவும் உடம்பு களைத்து, கால் தளர்ந்திருக்கும் நேரத்தில். பையைத் தேர்வு செய்யும்போது அந்தக் கடைசி நாளைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

1. எடையைத் தாளில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: கிளம்பும்போது எவ்வளவு, நடுவில் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு.

உலர் உணவாக எடுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஆகும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. கூடாரம், படுக்கை, உடை, அடுப்பு எல்லாம் சேர்த்து ஐந்து நாள் நடைக்கு 15 முதல் 18 கிலோ என்பது சாதாரணம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று மலை நடைக்காரர்கள் சொல்வார்கள். நியாயமான கணக்கு.

வேட்டையில் இந்தக் கணக்கு நிற்காது. துப்பாக்கி, தொலைநோக்கி, அதை நிறுத்தும் முக்காலி மட்டுமே ஆறேழு கிலோ வந்துவிடும். அப்புறம் இறைச்சி. நடுத்தர மான் ஒன்றில் எலும்பு நீக்கியபின் 20 முதல் 25 கிலோ வரை நிற்கும். வளர்ந்த எல்க் மான் என்றால் 70 முதல் 100 கிலோ. அதன் ஒரு பின்னங்காலே எலும்போடு 25 கிலோவைத் தாண்டும். ஒருவர் ஒரே நடையில் தூக்க முடியாது. மூன்று, நான்கு நடை ஆகும், அல்லது கூட்டாளிகள் வேண்டும். எனவே உங்கள் தாளில் மூன்றாவது எண் 35, 40 என்று வந்தால் மிரள வேண்டாம். அதே சமயம் 40 கிலோ எல்லோருடைய முட்டிக்கும் ஒத்துவராது என்பதையும் மறக்க வேண்டாம். 25 கிலோவாகப் பிரித்து இரண்டு நடை நடப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

18 கிலோவுக்குள் முடிகிற பயணத்துக்கு நல்ல மலை நடைப் பை எதுவும் போதும். 25 வரை போனால் உறுதியான உள் ஃபிரேம், அதாவது பைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சட்டம், வேண்டும். அதற்கு மேல் அடிக்கடி தூக்குவீர்கள் என்றால் வேட்டைக்கென்றே செய்த, சுமைத் தட்டு (இறைச்சியை வைத்துக் கட்டும் இடம்) உள்ள ஃபிரேம்தான் சரி. வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அந்தப் பாரம் என்றாலும் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். பெரிய ஃபிரேமில் சின்னச் சுமையைத் தூக்கலாம். சின்ன ஃபிரேமில் பெரிய சுமையை ஏற்றினால் முதுகு போய்விடும்.

2. முதுகை அளப்பது

உயரத்தை வைத்து அளவு வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரே உயரம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர் வரைகூட இருக்கும். பையின் அளவே மாறிப்போக அது போதும்.

தலையைக் குனியுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அது மேல் புள்ளி. இப்போது இரண்டு கையையும் இடுப்பில் வையுங்கள், கட்டைவிரல் பின்பக்கம் பார்க்கும்படி. விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி இறக்கினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கற்பனைக் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப் புள்ளி. இன்னொருவரை விட்டு, தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப்பால் முதுகின் வளைவோடு ஒட்டி அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 55 சென்டிமீட்டருக்குள் வரும்.

தனியாக அளக்கப் பார்த்தால் டேப் கோணிக்கொள்ளும், எண் தப்பாக வரும். கனமான ஜாக்கெட்டோடும் அளக்காதீர்கள்.

முதுகு நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள பை நல்லதுதான். ஆனால் உங்கள் அளவு அதன் எல்லையின் நுனியில் வந்தால் அடுத்த அளவைப் போட்டுப் பாருங்கள். பட்டையை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். ஃபிரேமின் உயரம் அப்படியேதான் இருக்கும்.

3. இடுப்பு: பாரம் உட்காரும் இடம்

இவ்வளவு பெரிய பையில் பாரத்தின் பெரும்பங்கைத் தூக்க வேண்டியது இடுப்பு. தோளின் வேலை பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அதனால் பெல்ட் சரியில்லாத பையை, மற்ற எல்லாம் பிரமாதமாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

பேன்ட் அளவைச் சொல்லிப் பெல்ட் வாங்க முடியாது. பேன்ட் நிற்கும் இடம் வேறு, பெல்ட் நிற்கும் இடம் வேறு. இடுப்பெலும்பின் மேல் விளிம்பைச் சுற்றி அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும். பெல்ட்டை மாட்டியதும் அதன் அகலத்தின் நடுப்பகுதி அந்த விளிம்பில் உட்கார வேண்டும். பஞ்சு வைத்த பகுதி முன்பக்க இடுப்பெலும்பைத் தாண்டி வந்து மூட வேண்டும். பக்கிளைப் போட்டு இறுக்கிய பிறகு இரண்டு பக்கப் பஞ்சுக்கும் இடையே ஒரு கை அகலமாவது இடைவெளி இருக்கட்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் பெல்ட் பெரியது. பத்து நாள் மலையில் நடந்தால் இடுப்பு கொஞ்சம் இளைக்கும், அப்போது இறுக்க வழி இருக்காது.

பஞ்சு மெத்து மெத்தென்று இருந்தால் கடையில் சுகமாகத்தான் இருக்கும். 30 கிலோ ஏறியதும் அது அப்பளமாக நசுங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: சட்டென்று முழுக்க அமுங்கினால் வேண்டாம். அழுத்தத்துக்கு எதிர்த்து நின்று, விட்டதும் மேலே வருகிற கெட்டியான பஞ்சுதான் நீண்ட நேரம் தாங்கும்.

4. ஃபிரேமைச் சோதிப்பது

1920களில் ட்ராப்பர் நெல்சன் என்ற மரச்சட்டப் பை வட அமெரிக்கக் காடுகளில் பேர் வாங்கியது. 1952-இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியக் குழாய் ஃபிரேமில் பை செய்து விற்கத் தொடங்கினார். 1967-இல் கிரெக் லோ ஃபிரேமைப் பைக்குள்ளேயே ஒளித்து வைத்தார். இன்று கடையில் கிடைப்பவை எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இவற்றின் வாரிசுகள்தான்.

வெளி ஃபிரேம் பருத்த, கோணல்மாணலான சுமையைக் கட்ட வசதி. முதுகில் காற்று புகும். ஆனால் புதரில் மாட்டும், பாறையில் ஏறும்போது ஆடும், பழைய மாடல்கள் கிறீச்சிடும். உள் ஃபிரேம் உடம்போடு ஒட்டி நிற்கும், காலடி தடுமாறாது. ஆனால் முதுகு வேர்க்கும், பைக்குள் அடங்காததைக் கட்ட இடம் கிடையாது. மூன்றாவதாக ஒரு கலப்பு வகை இருக்கிறது: உடம்போடு ஒட்டும் தட்டையான ஃபிரேம், அதில் கழற்றி மாட்டும் பை. ஸ்டோன் கிளேசியர், கிஃபாரு, எக்ஸோ போன்ற வேட்டைப் பைத் தயாரிப்பாளர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே பை வேண்டும் என்பவருக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

அலுமினியக் கம்பியை முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாம். உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். கார்பன் ஃபைபர் எடை குறைவு, விறைப்பு அதிகம். உடைந்தால் படாரென்று உடையும்.

கடையில் செய்யக்கூடிய இரண்டு சோதனைகள்: பையை நிமிர்த்தித் தரையில் வைத்து, உச்சியில் இரண்டு கையாலும் நேர்கீழாக அழுத்துங்கள். நடுவில் மடங்கினால் அது பெரிய சுமைக்கான ஃபிரேம் கிடையாது. பிறகு மேல் முனையையும் கீழ் முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் லேசாக முறுக்குங்கள். கொஞ்சம் முறுகவேண்டும். நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் திரும்பும். அதற்கு இடம் கொடுக்காத ஃபிரேம் ஒவ்வொரு அடியிலும் உங்களோடு மல்லுக்கு நிற்கும்.

உயரத்தையும் பாருங்கள். தோள் பட்டையின் மேலிருந்து ஃபிரேமின் உச்சிக்கு ஒரு சின்னப் பட்டை போகும். லோட் லிஃப்டர் என்பார்கள். அது தோளிலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேலே ஏற வேண்டும். மட்டமாகக் கிடந்தால் அது பெயருக்குத்தான் இருக்கிறது. நீளமான முதுகு உள்ளவர்கள் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான ஃபிரேமைத் தேடுவது இதற்காகத்தான்.

5. சரி, இப்போது லிட்டர்

வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி எடுங்கள். 40 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 50 உயரம் உள்ள பெட்டி சரியாக 80 லிட்டர். உங்கள் சாமான் எல்லாவற்றையும் அதில் போட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றால் 50 லிட்டர் பை போதும்.

வெயில் கால மூன்று இரவுக்கு 50–60, ஒரு வாரத்துக்கு 65–80, குளிர்கால வேட்டைக்கு 80–100 என்பது பொதுவான கணக்கு. அமெரிக்க வேட்டைப் பைகளில் கன அங்குலத்தில் எழுதியிருப்பார்கள். 61-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 5000 என்றால் 82 லிட்டர். சிலர் வெளிப் பாக்கெட்டுகளையும் கூட்டிச் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். லேபிளை முழுசாக நம்ப வேண்டாம்.

பெரிய பை வாங்கினால் பக்கப் பட்டைகளை இறுக்கிச் சின்னதாக்க முடிகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். பாதி காலியாக ஆடும் பையில் சாமான் அடியில் போய்ச் சேர்ந்து, பை உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே வரும்.

6. சுமைத் தட்டு

ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவில் இறைச்சியை வைத்துக் கட்டும் இடம்தான் சுமைத் தட்டு. பாரம் முதுகை ஒட்டி நிற்கும், ரத்தம் ஸ்லீப்பிங் பேக்கில் ஊறாது. வேட்டைக்கு வராதவர்களுக்கும் இது பயன்படும்: தண்ணீர் கேன், நனைந்த கூடாரம், கரடி வரும் காட்டில் உணவை வைக்கும் உருளை டப்பா.

கட்டும் முறை: ஃபிரேமைத் தரையில் படுக்கப் போட்டு, பையின் பக்கிள்களைக் கழற்றி விரியுங்கள். இறைச்சியைக் காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வரும் உயரத்தில் ஃபிரேமோடு ஒட்ட வையுங்கள். முதலில் கீழ்ப் பட்டை, பிறகு நடு, கடைசியில் மேல். அதன் மேல் பையை மூடி, எல்லாப் பட்டையையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.

எலும்பு நீக்கிய இறைச்சி தண்ணீர் மாதிரி. எங்கே வைத்தாலும் வழிந்து அடிக்கு வந்துவிடும். ஒரே பெரிய பையாகக் கட்டாமல் இரண்டு மூன்று சின்னப் பைகளாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் அசையாது. அடியில் மடித்த உடைப் பை ஒன்றை முட்டுக் கொடுப்பதும் உதவும். எலும்போடு இருக்கும் கால் தன் வடிவத்தில் நிற்கும், கட்டச் சுலபம், ஆனால் எடை அதிகம். எலும்பை நீக்கும் முன் அந்த இடத்து விதியைப் பாருங்கள். விலங்கு ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று சில இடங்களில் சட்டம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் சூடான இறைச்சியை மூடிக் கட்டாதீர்கள், உள்ளுக்குள்ளேயே வெந்து கெடும்.

துப்பாக்கியைப் பையில் கட்டினால் குண்டுகளைக் கழற்றி எடுத்திருக்க வேண்டும், குண்டு ஏறும் அறை காலியாக இருக்க வேண்டும். குழல் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றால் ஒவ்வொரு கிளையும் அதைப் பிடித்து இழுக்கும். கொம்பைச் சுமந்து வரும்போது பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியை அதில் சுற்றுங்கள். தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்குப் புதருக்குப் பின்னால் போகும் கொம்பு மட்டும்தான் தெரியும்.

7. துணி, ஜிப், பக்கிள்

துணியின் மேல் 500 டெனியர், 1000 டெனியர் என்று எழுதியிருக்கும். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், எடையும் கூடும். 500 டெனியர் கார்டூரா நைலான் பெரும்பாலான வேலைக்குப் போதும். அடிப்பாகம் மட்டும் 1000 என்றால் இன்னும் நல்லது.

வேட்டைக்கு இன்னொரு சோதனை உண்டு. கடையில் துணியை நகத்தால் கீறிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். படலம் ஒட்டிய நீர்புகாத் துணிகள் லேசானவை, ஆனால் கிளையில் உரசினால் சிப்ஸ் பாக்கெட் பிரிப்பதுபோல் சரசரக்கும். மலை நடைக்கு அது பொருட்டே இல்லை. மான் காதுக்கு அந்தச் சத்தம் போதுமானதற்கு மேல்.

ஜிப் பெரிய பல் உள்ளதாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஜிப்பின் குறுக்கே இறுக்கும் பட்டை இருக்கிறதா என்பது. பாரத்தை ஜிப் தாங்கக் கூடாது, பட்டைதான் தாங்க வேண்டும். மழை உறை காற்றில் பறக்கும், புதரில் கிழியும். நான் பைக்குள் தடித்த நீர்புகா உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் எல்லாவற்றையும் வைப்பேன்.

8. கடையில் போட்டுப் பார்ப்பது

காலிப் பையைப் போட்டுக் கண்ணாடி பார்ப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. 15 கிலோவாவது எடை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். தோளைக் கொஞ்சம் தூக்கி, பெல்ட்டை இடுப்பெலும்பில் வைத்து முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள் பட்டை: ஒட்ட வேண்டும், அழுத்தக் கூடாது. பிறகு லோட் லிஃப்டர், பிறகு மார்புப் பட்டை. மூச்சை இழுத்துப் பாருங்கள். மார்புப் பட்டை தடுத்தால் தளர்த்துங்கள்.

இருபது நிமிடம் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். தோள் பட்டையைத் தளர்த்தினாலும் பெல்ட் இறங்காமல் நிற்க வேண்டும். விரல் நுனி கூசினால் தோளில் பாரம் அதிகம். தொடையின் வெளிப்பக்கம் மரத்தால் பெல்ட் அங்கே ஓடும் நரம்பை அழுத்துகிறது. பெல்ட்டின் வடிவமோ அது நிற்கும் இடமோ தப்பு. இந்த இரண்டும் "பழகினால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழைய பை வாங்குவதாக இருந்தால் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தாலோ நீர்புகாப் பூச்சு செத்துவிட்டது. ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்த பைக்கு வரும் வியாதி அது.

9. வீட்டில் ஒத்திகை

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், பையை அழுக்காக்காமல் வீட்டுப் படிக்கட்டிலேயே சோதித்துவிடுங்கள். எடைக்கு மூடி இறுகிய தண்ணீர் கேன்களைப் போர்வையில் சுற்றி வைக்கலாம். இந்தப் பைதான் என்று முடிவான பிறகு வெளியே ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். மேலே போனதும் முட்டி வலித்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம், எடைக்கு மணல் மூட்டை வைத்தால் அந்த வசதி கிடையாது. 15 கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூட்டுங்கள்.

எழுந்து நிற்கவும் பழக வேண்டும். 35 கிலோ பையை நின்றபடி தோளில் வீசிப் போட்டால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பையைச் சரிவில் நிமிர்த்தி வைத்து, அதற்கு முன் உட்கார்ந்து பட்டைகளை மாட்டுங்கள். பக்கவாட்டில் உருண்டு கை, முட்டியில் நில்லுங்கள். ஒரு காலை ஊன்றி, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்திருங்கள். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும்.

ஒத்திகையில் எந்தப் பக்கிள் அதிகம் இழுபடுகிறது என்று பார்த்து, அதே அளவில் உதிரி ஒன்றை மேல் பாக்கெட்டில் போட்டு வையுங்கள். இடுப்பு பக்கிள் ஒன்று உடைந்தால் மொத்தப் பையும் தோளுக்கு வந்துவிடும். தையலைப் பிரிக்காமல் மாட்டக்கூடிய, பிளவு உள்ள பக்கிள்கள் கிடைக்கின்றன.

பயணம் முடிந்து வந்ததும் ஃபிரேமைக் கழற்றிவிட்டு, ரத்தக் கறையைக் குளிர்ந்த நீரிலேயே ஊறவையுங்கள். வெந்நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எதற்கும் போகாது. மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசி, வாயைத் திறந்து தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். பெல்ட்டின் பஞ்சு காய மூன்று நாள்கூட ஆகும். வெளியே தொட்டுக் காய்ந்திருக்கிறது என்று மடித்து வைத்துவிடாதீர்கள், அழுத்தினால் உள்ளே ஈரம் இருக்கும்.